இணைப்புத் தெரியாத தளம்

பிப்ரவரி 9

பேரன்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நானும் உங்கள் மருமகள் தும்பியும் இறையருளால் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். தங்கள் முழங்கால் வலி இந்தக் குளிரில் கூடியதா, குறைந்ததா என்று எழுதுங்கள். தொலைபேசியில் என் குரல் தங்கள் காதுக்குத் தேனீக்கூட்டம்போல் இரைகிறது என்று தாங்கள் சொன்ன நாள்முதல், நம் தந்தையார் பழக்கிய கடித முறைக்கே திரும்பிவிட்டேன். பேனாவை எடுத்தாலே முதுகு தானாக நிமிர்கிறது.

புதிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. இதுநாள்வரை கண்காட்சி அரங்குகளுக்குத் தளம் விரித்தேன். இவ்வாண்டு சியர்லீடிங் போட்டிகளுக்கு விரிக்கப் போகிறேன். மைதான ஓரத்தில் நின்று குஞ்சம் ஆட்டுவார்களே, அதுவா என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். தும்பி சீறிவிட்டாள்.

“யாருக்கோ கை தட்டுற வேலை இல்லப்பா இது. நாங்கதான் ஆட்டமே. ஒருத்திய நாலு பேர் தூக்கி மேல எறிஞ்சு பிடிப்போம். குஞ்சம் வேணும்னா நீங்க வச்சுக்கங்க, வீடு கூட்ட உதவும்.”

அவளுடைய அணியும் போட்டியில் இருக்கிறது. கீழே நின்று ஏந்திப் பிடிப்பவர்களில் அவள் ஒருத்தி. மேலே போகிறவள் அவளுடைய உயிர்த்தோழி. எடையே இல்லாத பிள்ளையாதலால் எல்லாரும் அவளைப் பஞ்சு என்கிறார்கள். ஆண்டில் மூன்று போட்டிகள், மே மாதம் இரண்டாவது, அக்டோபரில் இறுதி.

இங்கே ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. போட்டி தொடங்குமுன் தளப் பொறுப்பாளன் வெறுங்காலோடு தளமெங்கும் நடந்து பார்த்து, ஒலிபெருக்கியில் ‘தளம் தயார்’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் எழாமல் இசை எழாது. இனி அது என் வாயிலிருந்து எழும்.

தங்கள் ஆசியை வேண்டும்,
தம்பி

---

பிப்ரவரி 27

அன்பிற் சிறந்த தம்பிக்கு,

அக்கா வாழ்த்தி எழுதுவது. முழங்கால் தன் கடமையை ஆற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அதாவது வலிக்கிறது. மற்றபடி உண்கிறேன், ஓதுகிறேன், உறங்குகிறேன். நீ வேளைக்கு உண்கிறாயா? உன் மகள் கூந்தலுக்கு எண்ணெய் வைக்கிறாளா?

போட்டிக்கு மெத்தை விரிக்கிறார்கள் என்று உன் முந்தைய தொலைபேசி இரைச்சலில் கேட்டபோது, அங்கே உறங்குவதில் போட்டி வைத்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன். அப்படியொன்று இருந்தால் என் பெயரையும் கொடுத்துவை.

விடியலில் பதிகம் ஓதி முடித்தபின் நாற்காலியில் சற்றே கண்ணயர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அவ்வேளையில் உன் கடிதம் கனவாகி வந்தது. கூரையற்ற கூடம் ஒன்று. பெண்பிள்ளைகள் ஒருவர் தோளின்மேல் ஒருவராக ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். உச்சியில் இருந்தவள் முகிலைத் தொட்டு, ஈரக் கையைக் கீழே நின்றவள் நெற்றியில் துடைத்தாள். விண்ணோர் இறங்கி வரும் பாடல்களையே நாம் ஓதி வளர்ந்தோம். மண்ணோர் இப்படி ஏறிப் போவதை யாரும் பாடி வைக்கவில்லையே என்று விழித்தபின் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தும்பிக்கு என் முத்தம். பஞ்சுவுக்கும் ஒன்று.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா

---

ஏப்ரல் 4

அன்புமிக்க அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நலமே. அங்கு வெயில் ஏறிவிட்டதா? மதியத்தில் வெளியே போகாதீர்கள்.

முதற்போட்டி நடந்தேறியது. நடந்தேறியது என்பதைவிட உருண்டேறியது என்பதே பொருந்தும். அட்டவணை காலையிலேயே நழுவிவிட்டது. ஓர் அணிக்கு மற்றோர் அணியின் இசையைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளோ சளைக்காமல் அதற்கே ஆடி முடித்தார்கள். முதலுதவி மேசைக்கு உள்ளே இடமில்லையென்று வாகன நிறுத்தத்தில் போட்டிருந்தார்கள். அமைப்பாளரை எல்லாரும் மைக் மாமா என்கிறார்கள். சாப்பிடும்போதும் அந்த மைக்கைக் கீழே வைக்கமாட்டார்.

மெத்தைகள் கேட்ட அளவில் வந்து சேரவில்லை. போட்டி அரங்கு ஒன்று. அணிகள் முன்னதாகப் பழகிப் பார்க்கும் ஒத்திகைக் கூடம் ஒன்று. இரண்டுக்கும் போதாது.

“ஒத்திகைக் கூடத்துலேர்ந்து எடுத்து அரங்குல போடுங்க. கேமரா அங்கதானே இருக்கு?” என்றார் மைக் மாமா.

“அப்போ ஒத்திகைக்கு?”

“நடுவுல கொஞ்சம் இருக்கட்டும். சுத்தி என்ன பண்ணலாம்னு உங்களுக்குத் தெரியாததா? கண்காட்சியில ராஜா நீங்க.”

அக்கா, எங்கள் தொழிலுக்கு ஒரே மறைமொழிதான்: இணைப்புத் தெரியக் கூடாது. கண்காட்சிப் பலகைகளைக் கொண்டுவந்து மெத்தையின் உயரத்துக்கு மட்டம் செய்தேன். இரண்டையும் சேர்த்து ஒரே நீலக் கார்பெட்டால் மூடினேன். வாசலில் நின்று பார்த்தேன். சுவரிலிருந்து சுவர்வரை ஒரு மடிப்பும் இல்லாத கடல். பயிற்சியாளர்கள்கூட, “ஓ, இந்தத் தடவை முழுசா மெத்தை போட்டிருக்காங்க!” என்று வியந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் மகிழ்ந்துகொண்டேன்.

தும்பியின் அணி இரண்டாமிடம். பஞ்சு மேலே போனபோது அரங்கு மூச்சை அடக்கியது.

பணிவன்புடன்,
தம்பி

---

ஏப்ரல் 20

அருமைத் தம்பிக்கு,

வாழ்க. வெயில் இங்கே முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. நானும் அதற்கு வழிவிட்டு உள்ளே இருக்கிறேன். உன் முதுகு எப்படி? குனிந்து விரிக்கும் வேலையாயிற்றே.

உன் நீலக் கடலை நான் இருந்த இடத்திலிருந்தே கண்டேன். இரு வேறு பொருள்களை இரண்டென்று தோன்றாமல் ஒன்றாக்குவது எளிய கலையன்று. உயிருக்கும் இறைவனுக்கும் இடையே இணைப்புத் தெரியாத நிலையைத்தான் அடியார்கள் பாடிப் பாடி உருகினார்கள். கீழ்வீட்டார் கூடும் மாலைப் படிப்பில் அப்பாடல்களுக்குப் பொருள் சொல்லும்போது, என் தம்பி விரித்த தளத்தையே உவமையாகச் சொன்னேன். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த போட்டி மே மாதம் என்றாயே. முடிந்ததும் எழுது.

ஆசிகளுடன்,
அக்கா

---

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நெடுநாள் எழுதாததைப் பொறுத்தருள்க. நலமாக இருக்கிறோம். தாங்களும் நலமென நம்புகிறேன்.

இரண்டாம் போட்டி முடிந்தது. அன்று நல்ல மழை. அட்டவணை மறுபடியும் குழம்பி, அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒத்திகைக் கூடத்துக்குள் நெருக்கி அனுப்பினார்கள். தும்பியின் அணி அன்று ஆடவில்லை.

இங்கே பூங்காவில் மஞ்சள் பூக்கள் கொட்டிக் கிடக்கின்றன. வேலைக்குப் போகும்போது அவற்றின்மேல் நடக்க மனம் வராமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஒரு செய்தி. தும்பி இப்போது மேலே போகிறாள்.

தங்கள் தம்பி

---

ஜூலை 2

அன்பிற்குரிய தம்பிக்கு,

நலம் பெருகுக. உன் கடிதத்தை உறைக்குள் மறுபடியும் தேடினேன். இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று.

என் மருமகள் மேலே போகிறாள் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒருநாள் முழுதும் மகிழ்ந்தேன். தும்பியென்று பெயர் வைத்தவள் நானல்லவா? தரையில் நிற்கவா அந்தப் பெயரை வைத்தேன்? அவளிடம் சொல்: மேலே போகும்போது அத்தை வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்க்கட்டும்.

மறுநாள் ஓதிக்கொண்டிருக்கையில் அடி நடுவே நின்றுவிட்டேன். தும்பி மேலே போகிறாள் என்றால், பஞ்சு எங்கே? அவள் வேறு அணிக்குப் போய்விட்டாளா? அவர்கள் அணி அன்று ஏன் ஆடவில்லை?

உண்மையில் நலந்தானா நீ?

அக்கா

---

ஜூலை 30

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணங்குகிறேன். முழங்காலுக்கு ஒரு தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்காதீர்கள். மெல்லத் தடவினால் போதும். மாடிப்படியில் கைப்பிடியை விடாதீர்கள்.

தும்பியின் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். நன்றாக ஏறுகிறாள். ஆனால் உச்சிக்குப் போனதும் கண்களை மூடிக்கொள்கிறாள். பயிற்சியாளர் அவளை நிறுத்திக் கேட்டார்.

“ஏன்டி மேல போனதும் தூங்கிடுற?”

“தூங்கல மிஸ். கண்ணத் தொறந்தா கீழ எல்லாம் நீலமா தெரியுது.”

“நீலமா? எங்கடி நீலம்? லூசு, நல்லாப் பாரு.”

அந்தக் கூடத்தில் மெத்தைகள் பச்சை நிறம், அக்கா. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று விளங்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் பேருந்துச் சன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். நானும் கேட்கவில்லை.

வெயில் தணிந்து காற்று வீசத் தொடங்கியிருக்கிறது.

தம்பி

---

ஆகஸ்ட் 18

என் உயிர்த் தம்பிக்கு,

தைலம் வந்தது. வலி குறைந்தது. நீ கேட்டதற்கெல்லாம் விடை எழுதிவிட்டேன். நான் கேட்டதற்கு நீ எழுதவில்லை.

நேற்று விடியலில் மறுபடியும் அந்தக் கூடத்தைக் கண்டேன். இம்முறை நான் மேலே இருந்தேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு! கீழே நீலம் விரிந்திருந்தது. எவ்வளவு அமைதியான நீலம்! எங்கே விழுந்தாலும் ஏந்திக்கொள்ளும் என்று தோன்றியது. அதில் ஒரு கோடு இருந்தால், ஒரு கரை தெரிந்தால் நன்றாயிருக்குமே என்று தேடினேன். உன் கைவேலையாயிற்றே, தெரியவில்லை. அச்சத்தில் விழித்தேன்.

பச்சை மெத்தையில் பிள்ளை நீலம் காண்கிறாள் என்றால் அவள் கண்ணில் பழுதில்லை. ஒத்திகைக் கூடத்தில் மெத்தை எங்கே முடிந்து பலகை எங்கே தொடங்குகிறதென்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பஞ்சு விழுந்தது பலகையின்மேல். ஏந்தப் போன கைகளுள் தும்பியின் கைகளும் இருந்தன. நான் எழுதியது தவறானால் என்னைக் கடிந்து உடனே எழுது. மகிழ்ச்சியோடு அதை ஏற்பேன்.

தவறில்லையானால், அந்தத் தளத்தை இறைவனுக்கு உவமையாக்கிக் கூட்டத்தில் புகழ்ந்தவள் நான் என்பதையும் நினைவில் கொள். உன்னைத் தனியே நிறுத்திப் பேசும் தகுதி எனக்கில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்டோபரிலும் அதே பலகையா? அந்தப் பலகையின் மேலே போகப்போகிறவள் யாரென்று உனக்குத் தெரியும்.

அக்கா

---

செப்டம்பர் 21

அக்காவுக்கு,

தாங்கள் எழுதியது சரி.

பஞ்சுவுக்குக் கணுக்கால் முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஊன்றுகோலோடு நடக்கிறாளாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அவள் வீட்டுத் தெரு வழியே போக நேர்ந்தால் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன். ‘பிள்ளை கால் வைத்தது தவறு’ என்று அன்று அறிக்கையில் எழுதி முடித்துவிட்டார்கள். தளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மைக் மாமாவிடம் இப்போது பேசினேன்.

“இறுதிப்போட்டிக்காவது மெத்தை முழுசா வரணும், சார்.”

“வரும் வரும். வரலேன்னா போன தடவை மாதிரியே பண்ணிடுங்க. சூப்பரா இருந்துச்சே!”

“போன தடவைதான் அந்தப் பொண்ணு...”

“அண்ணே, விளையாட்டுன்னா நாலு அடி படத்தான் செய்யும். உங்க பொண்ணுக்கு இதுதானே கடைசி வருஷம்? அவ மெடல் வாங்குறதப் பாக்க வேணாமா?”

கடைசி ஆண்டுதான், அக்கா. அடுத்த ஆண்டு இந்த வயதுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. வீட்டில் சுவரெல்லாம் அக்டோபர் என்றே எழுதி ஒட்டியிருக்கிறாள். தளம் சரியில்லை என்று நான் சொன்னால் அந்த அக்டோபர் இல்லை. பஞ்சு விழக் காரணமும் நானே என்று அவளுக்குத் தெரியவரும்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

---

அக்டோபர் 2

தம்பி,

இக்கடிதம் போட்டிக்குமுன் உன் கைக்கு வருமோ வராதோ. அறிவுரை எழுதி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். நீ அறியாத எதையும் நான் அறியேன்.

இப்போதெல்லாம் காலையில் பதிகத்தின் முடிவில் மூன்று பெயர்கள் சொல்லி வேண்டுகிறேன். தும்பி. பஞ்சு. நீ. உனக்கு உகந்த சொல் உன் வாயில் உரிய நேரத்தில் வந்து அமரட்டும்.

வேளைக்கு உண்.

அக்கா

---

நவம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் தும்பி வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு நலம். மனம் நலமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். அப்பா எழுதுவார் என்று நீங்கள் காத்திருந்திருப்பீர்கள். மேசைமுன் உட்காருகிறார், முதுகை நிமிர்த்துகிறார், எழுந்து போய்விடுகிறார். அதனால் நான் எழுதுகிறேன். என் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன்.

போட்டியன்று காலை முடியை இழுத்துக் கட்டி, கண்ணிமையில் மினுமினுப்பு தடவி, வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அரங்கு நிறைந்திருந்தது. முதலில் ஒத்திகைக் கூடத்திலும் பிறகு அரங்கிலும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். மற்ற நாட்களில் விறுவிறுவென்று நடப்பார். அன்று தண்ணீருக்குள் நடப்பவர்போல நடந்தார். மைக் மாமா புன்னகையோடு மைக்கை நீட்டினார். ‘தளம் தயார்’ என்றதும் ஓட நாங்கள் ஒரு காலை முன்னே வைத்திருந்தோம்.

“தளம் தயாரா இல்ல,” என்றார் அப்பா.

அரங்கு முழுவதும் அந்தக் குரல் பரவியது, அத்தை. ஏதோ உயரத்திலிருந்து பேசுவதுபோல் இருந்தது. எனக்கு முதலில் அது அப்பாவின் குரல் என்றே தெரியவில்லை.

“ஒத்திகைக் கூடத்துல பாதிக்கு மேல வெறும் பலகை. மேல கார்பெட் போட்டு மூடியிருக்கு. பாத்தா தெரியாது. மே மாசம் ஒரு பொண்ணு அதுலதான் விழுந்துச்சு. அன்னைக்கும் இன்னைக்கும் அத மட்டம் பண்ணி மூடுனது நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

“அண்ணே, மைக்கக் குடுங்க! குடுங்கண்ணே!” என்று மைக் மாமா அவர் கையைப் பிடித்து இழுத்தார். மாமா மைக் இல்லாமல் பேசி அன்றுதான் பார்த்தேன். குரல் மிகவும் சின்னது.

பயிற்சியாளர்கள் எல்லாரும் ஒத்திகைக் கூடத்துக்கு ஓடினார்கள். கார்பெட்டின்மேல் மண்டியிட்டு உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தார்கள். ஏதோ ஒரு பெரிய தொழுகை நடப்பதுபோல் இருந்தது. பிறகு எங்கள் மிஸ் எழுந்து வந்து, “வாங்கடி, வீட்டுக்குப் போகலாம்,” என்றார். ஒவ்வோர் அணியாக வெளியேறியது. நண்பகலுக்குள் அரங்கு காலி. அப்பாவுக்கு வேலையும் காலி.

நான் அப்பாவுடன் பேசவில்லை. ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவார். நான் அவர் போனபின் சாப்பிடுவேன். சுவரில் இருந்த தாள்களைக் கிழித்தேன். கோபம் அவர் அந்த நாளில் சொன்னதற்கா, மே மாதத்தில் சொல்லாததற்கா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

போன வாரம் பஞ்சுவிடம் போனேன். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கள் அக்டோபர் போனதைச் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. 

“மைக்ல என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு,” என்றாள்.

சொன்னேன்.

“கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவை சொல்லு.”

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். “இத்தன மாசமா எங்க வீட்ல, ‘நீதான் கால சரியா வைக்கல’ன்னு சொல்லிட்டிருந்தாங்கடி. நானும் அப்படித்தான் நெனச்சேன். படுத்துட்டே மேல போயி மேல போயி, எங்க தப்பு பண்ணேன்னு தேடிட்டே இருந்தேன்.” பிறகு, “உங்கப்பாவக் கூட்டிட்டு வா. எங்கிட்டயும் அவர் வாயால சொல்லட்டும். மைக் எல்லாம் வேணாம்,” என்றாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினேன். “பஞ்சு கூப்பிடுறா,” என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே எழுந்து சட்டையை மாற்றினார். பொத்தான் ஏறுக்குமாறாகப் போயிருந்தது. நான் சரிசெய்துவிட்டேன்.

இப்போது அவள் வீட்டு மாடிப்படியில்தான் இருக்கிறேன், அத்தை. அப்பா உள்ளே போய்விட்டார். கதவு சாத்தியிருக்கிறது. படிச் சன்னல் வழியாக வெயில் வந்து தாளின்மேல் விழுகிறது. உள்ளே அப்பா பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, மெதுவாகத்தான் பேசினார். அதன்பின் பஞ்சுவின் குரல்.

“நாற்காலியில உக்காருங்க மாமா. ஏன் தரையில உக்காந்திருக்கீங்க?”

கதவைத் திறந்து உள்ளே போகலாமா என்று யோசிக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
தும்பி